நூற்றுப்பத்து முதல் நூற்றுநாற்பது வரை

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ‘எட்டு மடங்கு’ என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருந்தது. அதை வாசிக்கிறவர்கள் சம்பளப் பிரிவுக்காரர்கள் மட்டும்தான். மற்றவர்களுக்கு முகத்துக்கு நேரே எட்டு மடங்கு சார், முதுகுக்குப் பின்னால் வெறும் எட்டு மடங்கு. தொலைபேசிப் பட்டியலில்கூட யாரோ அப்படித்தான் அச்சடித்துவிட்டார்கள். அவரும் திருத்தச் சொல்லவில்லை. திருத்தினால் தன்னை யாருக்கும் அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று பயம்.

பெயர் வந்த கதை இது. ஊருக்கு வெளியே பூமிக்கடியில் ஒரு வளையச் சுரங்கம் இருக்கிறது. அதில் புரோட்டான்களை எதிரெதிராக ஓடவிட்டு முட்ட வைப்பார்கள். முட்டுகிற முட்டில் நூறு கோடி தடவைக்கு ஒரு தடவை ஹிக்ஸ் என்ற துகள் பிறக்கும். பிறந்த கையோடு செத்துப்போகும். சாகும்போது வேறு துகள்களாகச் சிதறும்; சிதறியதைப் பொறுக்கிப் பார்த்துத்தான் வந்துபோனது யார் என்று சொல்ல வேண்டும். ஹிக்ஸோடு எவ்வளவு ஒட்டுகிறதோ அவ்வளவுதான் ஒரு துகளுக்கு எடை என்பது ஏட்டுக் கணக்கு. குவார்க்குகள் என்ற நுண்துகள்களில் கனமானவற்றோடு அது ஒட்டுவதைப் பெரிய பெரிய ஆட்கள் அளந்து, கைதட்டலும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இலேசான குவார்க்குகள் சீந்துவாரில்லாமல் கிடந்தன. அவற்றில் கொஞ்சம் சதைப்பிடிப்பானது சார்ம் குவார்க். அதை இவர் எடுத்துக்கொண்டார்.

எடுத்த பிறகுதான் தெரிந்தது, ஏன் யாரும் எடுக்கவில்லை என்று. ஹிக்ஸ் நூறு தடவை செத்தால் மூன்று தடவைதான் சார்ம் ஜோடியாகச் சிதறும். ஐம்பத்தெட்டு தடவை, பாட்டம் என்ற கனத்த குவார்க்காகச் சிதறும். இரண்டுமே உணர்கருவிக்குள் துகள்களின் தாரையாகப் பீறிட்டு வரும். பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். சார்ம் சில தலைமுடிகளின் கனம் அளவுக்குப் பறந்துவிட்டு உடையும், பாட்டம் இன்னும் சில முடி கனம் கூடுதலாகப் பறக்கும். அதை வைத்துப் பிரிக்க வேண்டும். இதற்கு நடுவில் ஹிக்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத வெறும் தாரைகள் லட்சக்கணக்கில் வந்து நானும் சார்ம்தான் என்று வரிசையில் நிற்கும். விளையாட்டு அரங்கம் நிறைய உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், இரட்டைப் பிள்ளைகளில் இளையவனை அவன் தும்மலை வைத்துக் கண்டுபிடிப்பது போன்ற வேலை.

ஆறரை வருஷம் தும்மல் கேட்டார். பிறகு எழுந்து நின்று உலகத்துக்கு அறிவித்தார்: ஹிக்ஸ் சார்மோடு ஒட்டுவது, ஏட்டுக் கணக்கைப்போல எட்டு மடங்குக்கு மேல் இருக்காது.

அந்த வாரம் வீட்டுக்கு வந்த சகலை இதைக் கேட்டார். சகலைக்குத் தண்ணீர் மோட்டார் வியாபாரம். எதையும் புரிந்துகொள்ளாமல் விடமாட்டார்.

“அதாவது சகலை, ஒருத்தர் உங்களைப் பாத்து எத்தனை பிள்ளைங்கன்னு கேக்கறாரு. நீங்க, எட்டுக்கு மேல இல்லைங்கறீங்க.”

“கிட்டத்தட்ட.”

“ஒரே பொண்ணை வெச்சுக்கிட்டு.”

“ஒண்ணு இருக்குன்னும் இன்னும் உறுதியா சொல்ல முடியாது சகலை.”

“பூஜ்யமாவும் இருக்கலாமா?”

“இருக்கலாம்.”

“இதுக்கு ஆறு வருஷமா?”

“ஆறரை.”

ஆய்வுக்கூடத்தின் குடும்ப விருந்தில் மனைவி இந்தப் பேச்சை அப்படியே ஒப்பித்துவிட்டாள். மறுநாள் காலையிலிருந்து அவர் எட்டு மடங்கு.

அதற்குப் பிறகு நாலரை வருஷம் ஓடிவிட்டது. இந்தத் தடவை மூன்று மடங்கு அதிகமான தரவு வந்திருந்தது. தாரைகளைப் பிரிக்கப் புதிய நிரல் ஒன்றும் தயார். இனி ‘மேல் இருக்காது’ என்று வேலிக்கு வெளியே நின்று சொல்ல வேண்டாம். இருக்கிறது, இதோ இவ்வளவு என்று சொல்லிவிடலாம். சொல்லியும் ஆக வேண்டும். ஐந்து தடவை நீட்டித்த தற்காலிக வேலை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் முடிவு வெளியானால் நிரந்தர இடம். வெளியாகாவிட்டால் மேசையைக் காலி செய்ய வேண்டும் என்று மேலிடம் கடிதம் கொடுத்திருந்தது. அதே மாதக் கடைசியில் சுரங்க இயந்திரத்தையும் பழுது பார்க்க நிறுத்துகிறார்கள். மறுபடி ஓட மூன்றரை வருஷம் ஆகும். அவருக்கு வயது நாற்பத்தேழு. மூன்றரை வருஷம் கழித்து, வேலையை விட்டுப்போன ஐம்பது வயதுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிற வழக்கம் அந்தத் தொழிலில் கிடையாது.

இந்தத் தொழிலில் இருக்கிற வழக்கம் வேறு. ஆசைப்பட்டதைக் கண் காட்டிவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் தேடுகிற இடத்தை முதலிலேயே மறைத்துவிடுவார்கள். இரண்டு தாரைகளைக் கூட்டினால் வருகிற எடையை வரைபடமாகப் போட்டால், தொண்ணூற்றொன்றில் இசட் என்ற பழைய துகள் மேடாக எழும்பும். அது தெரிந்தால் கருவி சரி. ஹிக்ஸ் இருந்தால் நூற்றிருபத்தைந்தில் எழும்ப வேண்டும். அதனால் நூற்றுப்பத்திலிருந்து நூற்றுநாற்பது வரை திரை. எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று எல்லாவற்றையும் முடிவு செய்து, எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகு ஒரு நாள் குறித்து, எல்லோரும் கூடியிருக்கத் திரையை விலக்குவார்கள். அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதுதான். அதற்குப் பிறகு ஒரு எண்ணைக்கூடத் தொடக்கூடாது.

பதினோரு வருஷத்துக்கு முன் அந்தத் திரையை எழுதியவர் எட்டு மடங்குதான். ஒரே ஒரு வரி: நூற்றுப்பத்து முதல் நூற்றுநாற்பது வரை மறை. குழுவில் பத்தொன்பது பேர். பத்தொன்பது பேரும் அந்த ஒரு வரியைத்தான் எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை புதிய தரவுக் கோப்புகள் வந்தன. பழையவை கிகா அலகில் இருந்தன. புதியவற்றை மெகா அலகில் கொடுத்துவிட்டார்கள். கிலோமீட்டரில் எழுதியதை மீட்டரில் எழுதுவது மாதிரிதான், ஆயிரத்தால் பெருக்கினால் தீர்ந்தது. நூற்றிருபத்தைந்தில் நிற்க வேண்டிய ஹிக்ஸ் இப்போது ஒரு லட்சத்து இருபத்தையாயிரத்தில் நின்றது. திரை மட்டும் நூற்றுப்பத்திலேயே தொங்கியது. வரியை எழுதும்போது எந்த அலகு என்று எட்டு மடங்கு எழுதவில்லை. அப்போது இருந்தது ஒரே அலகு. படத்தின் இடது ஓரத்தில், எந்தத் துகளும் எட்டிப் பார்க்காத மூலையில், குண்டூசித் தலை அளவு இடத்தைத் திரை கடமை தவறாமல் மறைத்துக்கொண்டிருந்தது. வாசல் ஜன்னல் எல்லாம் ஆவென்று திறந்து கிடக்க, சாவித் துவாரத்தில் மட்டும் துணி அடைத்த வீடு மாதிரி.

வியாழக்கிழமை மதியம் அவர் தொண்ணூற்றொன்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் படத்தைப் போட்டார். தொண்ணூற்றொன்று சரியாகத்தான் இருந்தது. அதற்கு வலப்பக்கம் இன்னொரு மேடும் இருந்தது.

ஒன்றரை நொடி பார்த்திருப்பார். மூடிவிட்டார். எழுந்து போய் முகம் கழுவினார். திரும்பி வந்து திரை வரியில் மும்மூன்று பூஜ்யங்களைச் சேர்த்தார். என்ன மாற்றினாய் என்று குறிப்பு எழுதச் சொல்லி ஒரு கட்டம் வரும். அதில் ‘சிறு திருத்தம்’ என்று எழுதினார். பிறகு காப்பி இயந்திரத்தின் முன்னால் போய் நின்றுகொண்டு, காப்பி எடுக்காமலே திரும்பி வந்தார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுவாரம் ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்தது. தாரைகளைப் பிரிக்கும் நிரலை இறுக்கமாக வைப்பதா, தளர்வாக வைப்பதா. இறுக்கினால் சார்ம் குறைவாகக் கிடைக்கும், சுத்தமாகக் கிடைக்கும். தளர்த்தினால் நிறையக் கிடைக்கும், குப்பையோடு. அவர் இறுக்கம் என்றார். பதினோரு பக்கம் காரணம் எழுதினார். பதினோரு பக்கமும் சரியான காரணங்கள். எதையுமே பார்க்காத ஒருவன் எழுதியிருந்தாலும் இவற்றைத்தான் எழுதியிருப்பான்.

எழுதியிருப்பானா? அங்கேதான் முள் ஏறியது. பார்க்காத அந்த ஆளை அவர் தேடிப் பார்த்தார். குளிக்கும்போது தேடினார், பேருந்தில் தேடினார். வியாழக்கிழமை மதியத்துக்கு முன்னால் தனக்குள் உட்கார்ந்திருந்தவன் என்ன சொல்லியிருப்பான் என்று கேட்டுப் பார்த்தார். அவன் முகம் கழுவப் போனவன், திரும்பி வரவே இல்லை.

மனைவிக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. முன்பக்கம் பிரேம்கள்; பின்பக்கம் ஒரு நாற்காலி, எதிர்ச்சுவரில் எழுத்து அட்டை, அதற்குமேல் ஒரு குழல்விளக்கு. கண் பார்ப்பதும் அவள்தான். திரை விலக்கும் நாள் புதன் என்று குறித்திருந்தார்கள். அதற்கு முந்திய சனிக்கிழமை மதியம் எட்டு மடங்கு கடையின் பின்னறையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உரிமம் புதுப்பிக்க ஒரு லாரி ஓட்டுநர் வந்திருந்தார்.

“வலது கண்ணை மூடிக்கிட்டு படிங்கண்ணே.”

ஓட்டுநர் படித்தார். கடைசி வரி வரைக்கும், மூச்சு வாங்காமல்.

“இடது கண்ணை மூடுங்க.”

அதே வேகம்.

அவள் கையை நீட்டிக் குழல்விளக்கை அணைத்தாள். அப்போதும் படித்தார். கடைசி வரியை முடித்தபிறகுதான் அறை இருட்டாக இருப்பதைக் கவனித்தார்.

“எத்தனை நாளா மனப்பாடம் பண்ணினீங்க?”

“ரெண்டே நாள்தான்மா. தம்பி போன்ல படம் புடிச்சு அனுப்பினான்.” அவர் தலையைச் சொறிந்தார். “ஆனா கண்ணு நல்லாத்தான்மா இருக்கு. ஒரு பயத்துல படிச்சுட்டேன், அவ்வளவுதான். எழுதிக் குடுத்துருங்க.”

“நல்லாத்தான் இருக்கும்ணே. ஆனா இனிமே இந்த அட்டையை வெச்சு அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே.”

“எப்படி?”

அவள் விளக்கைப் போட்டாள். ஓட்டுநர் அட்டையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார், விரித்தார். கழுத்தை முன்னால் நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, “கண்ணுல தெரியுதா, ஞாபகத்துல வருதான்னு இப்ப எனக்கே பிடிபடல” என்றார், களவு போனவர் குரலில்.

அவள் அடுத்த வாரம் வரச்சொல்லி அனுப்பினாள். திரும்பி வந்தபோது கணவர் முக்காலியில் கைகளைத் தொடைக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன, முகம் செத்துப்போய்க் கிடக்கு?”

“பாத்துட்டேன்.”

“எதை?”

“நூத்தி இருபத்தஞ்சை.”

அந்த எண் பதினோரு வருஷமாக அவர்கள் வீட்டில் கூடவே குடியிருக்கிறது. அவள் ஒரு பிரேமைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியைக் கீழே வைத்தாள்.

“எப்படி இருந்துச்சு?”

அவர் சொல்ல வாயெடுத்தார். உதடு கோணியது. “அழகா இருந்துச்சு” என்றுவிட்டு மூக்கைச் சிந்தினார்.

பிறகு திரையையும் பூஜ்யங்களையும் பதினோரு பக்கத்தையும் சொன்னார்.

“நீங்க சொல்லலைன்னா யாருக்காவது தெரியுமா?”

“தெரியாது.”

“புதன்கிழமை திறந்தா மேடு இருக்கும்.”

“இருக்கும்.”

“அப்புறம் என்னங்க?”

“அது அங்க இருக்கா, நான் அள்ளிக் குவிச்சேனான்னு தெரியாது. எனக்கே தெரியாது. உலகத்துக்கே சொல்லிட்டு, நான் ஒருத்தன் மட்டும் தெரியாம இருக்கணும்.”

“சொல்லிட்டா?”

“நான் எடுத்த முடிவெல்லாம் தள்ளிருவாங்க. பாக்காத ஒருத்தர் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். குழுவுல ஆள் இருக்கு, செய்வாங்க. ஆனா மாசக்கடைசி தாண்டிரும்.”

“அப்ப சொல்லாதீங்க” என்றாள். பிரேமை மறுபடி எடுத்தாள், ஏற்கெனவே துடைத்த பக்கத்தையே துடைத்தாள். “சொல்லிட்டுதான் வருவீங்க. பதினேழு வருஷமா பாக்கறேனே. பிரேம் வந்த அட்டைப்பெட்டி உள்ள கிடக்கு. மேசைச் சாமானுக்குப் போதுமான்னு பாருங்க.”

புதன்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் கூடினார்கள். குழுத் தலைவியைப் பெரியம்மா என்பார்கள். யார் வந்தாலும் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பார். சாப்பிட்டேன் என்று சொன்ன பிறகுதான் கொண்டுவந்த முடிவைக் கிழித்துப் போடுவார். இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு. அவருக்கு வலப்பக்கம், சல்லடை என்று பெயர் வாங்கியவர். குழுவுக்குள்ளேயே தணிக்கை பார்க்கிறவர். தன் கல்யாணத்தில் பதிவாளர் ‘சம்மதமா’ என்று கேட்டதற்கு ‘எத்தனை சதவீத உறுதியில்?’ என்று திருப்பிக் கேட்டவர். இந்த ஆய்வுக்காக அவர் அனுப்பிய கேள்விகள் இருநூற்றுப்பதினான்கு. இருநூற்றுப்பதினான்குக்கும் பதில் சொல்லி, கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. ஒரு மூலையில் கேக் ஒன்று மூடி வைத்திருந்தது.

பெரியம்மா விசைப்பலகையை எட்டு மடங்கின் பக்கம் தள்ளினார். “நீயே திறப்பா. பதினோரு வருஷம் சுமந்தவன் நீதான்.”

“ஒரு விஷயம் சொல்லணும் மேடம்.”

“திறந்துட்டு சொல்லு.”

“திறக்கறதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியது.” அவர் எழுந்து நின்றார். நிற்கத் தேவையில்லாத அறை அது. “நான் பாத்துட்டேன். புதுக் கோப்பு வந்த வாரம், வியாழக்கிழமை. திரை விலகி இருந்துச்சு. இறுக்கமா தளர்வான்னு முடிவெடுத்தது அதுக்கு அப்புறம்.”

சல்லடை பேனாவைத் திறந்தார்.

“எவ்வளவு நேரம்?”

“ஒன்றரை நொடி.”

“எப்படி அளந்தீங்க?”

“உத்தேசமா.”

“பிழை அளவு?”

“கூடவோ குறையவோ அரை நொடி.”

சல்லடை அதை எழுதிக்கொண்டார். எழுதியதைப் படித்துப் பார்த்தார். பேனாவை மூடினார். பிறகு பேனாவிடம் பேசுவதுபோல, “எனக்கு நாலு நொடி” என்றார்.

எட்டு மடங்குக்குப் புரியவில்லை.

“செவ்வாய்க்கிழமை” என்றார் சல்லடை. “உங்க திரையைத்தானே நானும் மாட்டியிருந்தேன்.”

மேசையின் அந்தக் கோடியில், பின்புலமாக வந்து நிற்கும் வெறும் தாரைகளைக் கணக்கெடுக்கிற அக்கா கையைத் தூக்கினார். “நான் ஒரே தடவைதான் பாத்தேன். அப்புறம், சரியாத்தான் பாத்தேனான்னு இன்னொரு தடவை.” அவருக்குப் பக்கத்தில் கருவியின் அளவுதிருத்தம் பார்க்கிறவர், “புதன்கிழமை, சாப்பாட்டுக்கு முன்னாடி” என்றார். அடுத்தவர் திங்கட்கிழமையே. கை கையாக எழும்பியது. வகுப்பில் யார் சன்னலை உடைத்தது என்று கேட்டதற்கு மொத்த வகுப்பும் எழுந்து நிற்பதுபோல் இருந்தது. தன்னையும் சேர்த்துப் பதினெட்டு வரை எண்ணிவிட்டார் எட்டு மடங்கு. பதினெட்டும் தனித்தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்த கண்கள். ஒவ்வொருவரும் தான் ஒருத்தர்தான் பார்த்தோம் என்று ஐந்து வாரம் மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

“‘சிறு திருத்தம்’னு போட்டிருந்தீங்களே சார்” என்றார் அந்த அக்கா, கோபமாகவே. “அப்பா, எட்டு மடங்கு சார் பாக்காமலே சரி பண்ணிட்டார்னு உசிரு வந்துச்சு. முடிவெடுக்கப்போறது அவர். நான் ஒருத்தி பாத்தா என்ன கெட்டுப்போச்சுன்னு இருந்தேன்.”

“நானும் அதை நம்பித்தான்” என்றார் சல்லடை.

எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். அவர் கைப்பையைத் திறந்தார். மூக்குக்கண்ணாடிக் கூடு, மாத்திரை, சாவி எல்லாம் எடுத்து மேசைமேல் வைத்தார். அடியிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்று வந்தது. பிரித்து வைத்தார். மேடு அழகாகத்தான் இருந்தது. தாளின் மேல்விளிம்பில் காந்த வில்லை அழுத்திய வட்டத் தடம்.

“வீட்டுல பிரிட்ஜ் கதவுல ஒட்டியிருந்தேன்” என்றார். “வர்றவங்க யாருக்கும் புரியாது, மலைன்னு நினைச்சுப்பாங்க. காலையில பால் எடுக்கறப்ப ஒரு தடவை பாப்பேன்.”

கேக்கை யாரோ மேசைக்கு அடியில் இறக்கி வைத்தார்கள்.

பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள், ஐந்து வாரத்தில் என்னென்ன முடிவெடுத்தார்கள் என்று. ஒருவர் இரைச்சல் அதிகம் என்று இயந்திரத்தின் பதினோரு ஓட்டங்களில் வந்த தரவைத் தள்ளியிருந்தார். அளவுதிருத்தக்காரர் இரண்டு முறைகளில் புதிய முறையைத் தேர்ந்தெடுத்திருந்தார். அக்கா பின்புலத்தைச் சற்றுத் தாழ்த்தியிருந்தார். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. எல்லாம் சரியான காரணம். எல்லாவற்றையும் சல்லடை கேட்டு, சலித்து, ஒப்புக்கொண்டிருந்தார். யாரும் ஒரு எண்ணைக்கூடப் பொய்யாக எழுதவில்லை. பத்தொன்பது நல்லவர்கள் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு ஆளுக்கு ஒரு முடியளவு நகர்ந்திருந்தார்கள்.

“திற” என்றார் பெரியம்மா. “இனிமே என்ன.”

திறந்தார்கள். மேடு இருந்தது. ஏட்டுக் கணக்கு சொன்ன உயரத்தில், சொன்ன இடத்தில். பதினோரு வருஷமாக அவர் காத்திருந்த படம் சுவர் அளவுக்கு எதிரே நின்றது. கைதட்ட எழுந்த ஒரே ஜோடிக் கை யாருடையதோ, பாதியில் நின்று மடியில் இறங்கியது.

“தளர்வா வெச்சுப் போடு.”

மேடு பாதியானது.

“தள்ளின ஓட்டங்களையும் சேரு.”

கால்வாசி. மேடு என்றும் சொல்லலாம், தாள் சுருங்கியிருக்கிறது என்றும் சொல்லலாம்.

“இதுல எது சரி?” என்று கேட்டார் பெரியம்மா. பத்தொன்பது பேரில் அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒருவரும் இல்லை. பார்க்காதவர் யாராவது இந்தக் கட்டிடத்தில் இருக்கிறார்களா என்று பேச்சு எழுந்தது. பக்கத்துக் குழுவில் விசாரித்தால், அவர்கள் ஐந்து வாரமாக நடைவழியில் இவர்கள் முகங்களைப் பார்த்தே மேடு இருக்கிறது என்று தெரிந்துகொண்டிருந்தார்கள். அப்போது மேசை துடைக்க வந்த துப்புரவு அம்மா, பெரியம்மா பிரித்து வைத்த தாளைக் குனிந்து பார்த்தார்.

“அட, இது பிரிண்டர்கிட்ட கிடந்துச்சே, அந்தப் படம்தானே? கசக்கிப் போட மனசு வரலை. ரெண்டு நாள் எங்க அறைக் கதவுல ஒட்டியிருந்தேன்.”

பெரியம்மா கண்களை மூடிக்கொண்டார். “பிரிண்ட் பொத்தானை நான் ரெண்டு தடவை அமுக்கிட்டேன் போல” என்றார்.

மேலிடம் ஒரு வாரத்தில் முடிவு சொன்னது. இந்தத் தரவு அலமாரிக்கு. இயந்திரம் மறுபடி ஓடி, யாரும் பார்க்காத புதிய தரவு வந்தபிறகு, வேறு ஆட்கள், வேறு நிரல். அதுவரை உலகத்துக்குத் தெரிந்த கடைசி விடை பழைய விடைதான்: எட்டு மடங்குக்கு மேல் இருக்காது.

மாதக் கடைசி நாள் அவர் மேசையைக் காலி செய்தார். அட்டைப்பெட்டியில் பாதிகூட நிரம்பவில்லை. ஒரு குவளை, இரண்டு நோட்டு, மகள் சின்ன வயதில் வரைந்து கொடுத்த ஹிக்ஸ். அதற்குக் கண்ணும் வாலும் இருந்தன. கணினியை அணைக்குமுன் திரை வரியைத் திறந்தார். எண்களுக்குப் பக்கத்தில் அலகை எழுதினார். பதினோரு வருஷத்துக்கு முன் எழுதியிருக்க வேண்டிய ஒரு சொல். குறிப்பு எழுதும் கட்டம் வந்தது. அரைமணி நேரம் யோசித்து, காலியாகவே விட்டார்.

பெரியம்மா வாசல் வரை வந்தார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

“நீ சொல்லாம இருந்திருந்தா, நான் சொல்லியிருப்பேனான்னு யோசிச்சுப் பாத்தேன்ப்பா.”

“சொல்லியிருப்பீங்க மேடம்.”

“தெரியல.” அவர் வெளியே, சுரங்கம் இருக்கும் திசையைப் பார்த்தார். அன்று காலைதான் அதை நிறுத்தியிருந்தார்கள். எப்போதும் தரைக்கடியில் கேட்டுக்கொண்டே இருக்கும் முனகல் இல்லை. அப்படி ஒன்று இருந்தது என்பதே இப்போதுதான் தெரிந்தது. “எல்லாருக்கும் உன்மேல கோபம். நீ செஞ்சது சரின்னும் தெரியுது. சரின்னு தெரியறதால கோபம் குறையல.”

“எனக்கும் குறையல மேடம்.”

பெட்டியைச் சுமந்துகொண்டு நேராகக் கடைக்குப் போனார். வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. மனைவி பெட்டியை வாங்கி பிரேம் அடுக்குக்குக் கீழே வைத்தாள். வரைந்த தாளை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தாள்.

“உக்காருங்க” என்று நாற்காலியைக் காட்டினாள். “உங்க கண்ணாடி ஆறு வருஷத்துப் பழசு. போர்டு பாத்து பஸ் ஏறாம, நிறத்தைப் பாத்து ஏறறீங்க. போன வாரம் வேற ஊருக்குப் போய் இறங்கினீங்க.”

உட்கார்ந்தார். வலது கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தார். பார்க்குமுன்னே கடைசி வரி வாயில் வந்து நின்றது. இந்த அட்டையை ஆணி அடித்து மாட்டியதே அவர்தான். பதினான்கு வருஷம் முக்காலியில் உட்கார்ந்து, வந்தவர் போனவர் எல்லாம் படிக்கக் கேட்டவர்.

“ம்ஹும்” என்றாள் அவள். “உங்களுக்கு இது ஆகாது.”

அடி இழுப்பறையைத் திறந்து சுருட்டி வைத்திருந்த வேறொரு அட்டையை எடுத்தாள். மேலே சுற்றியிருந்த தாள்கூடப் பிரிக்கவில்லை. “லாரிக்காரருக்காக வாங்கினது. அவரு திரும்பி வரவே இல்லை.” பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினாள். ஓரம் சுருண்டு எழும்பியது. விரலால் நீவி அழுத்தினாள்.

மனப்பாடமானால் மாற்ற அவளுக்கு இன்னொரு அட்டை இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“படிங்க.”

முதல் வரி பெரிதாக இருந்தது. படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதில் ஒரு எழுத்தில் தடுக்கி, தாண்டிப் போனார். அதற்குக் கீழே எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து, சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன மேடுகளாக நின்றன. ஒவ்வொரு மேடும் எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம்.

“ஊகிச்சுச் சொல்லுங்க, பரவால்ல. எல்லாரும் சொல்வாங்க.”

“வேண்டாம்.”

அவள் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். தெருவில் ஒரு பேருந்து வந்து நின்று, போனது.

“எத்தனாவது வரி வரைக்கும் தெரியுது?”

அவர் நெடுநேரம் பார்த்தார்.

“நாலுக்கு மேல இல்ல” என்றார்.

அவள் எழுதிக்கொண்டாள்.